பங்குனியில் மூட்டை கட்டும் பறவைகள்! கிளம்பும் நேரத்தில் காவிரிக்கரையில் தீனி கிடைக்குமா?

தொட்டியம்:

மதுரகாளியம்மன் கோவில் பங்குனித் திருவிழா நெருங்கினால் தொட்டியத்தில் கால் வைக்க இடம் இருக்காது. தோளில் தேரைத் தூக்கிச் சுமக்கும் அந்தத் திருவிழாவுக்காக, வெளியூரில் வேலை பார்க்கும் ஆட்கள் எல்லாம் ஊருக்கு வந்து சேருவார்கள். அதே நேரத்தில் இன்னொரு கூட்டம் சத்தமே இல்லாமல் ஊரைக் காலி செய்து கொண்டிருக்கும். பஸ் கிடையாது, ரயில் கிடையாது. ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி, இமயமலைக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போய்விடும்.

அவைதான் வலசைப் பறவைகள். ஐப்பசி, கார்த்திகையில் மழையோடு வந்து, மாசி, பங்குனியில் திரும்பிப் போகும் விருந்தாளிகள்.

வரும்போது எல்லாரும் பார்க்கிறோம். பேப்பரில் போட்டோ வருகிறது. பள்ளிக்கூடப் பிள்ளைகளை வேன் வைத்து அழைத்துப் போய் காட்டுகிறார்கள். போகும்போது யாரும் பார்ப்பது இல்லை. ஆனால் அந்தப் பறவைக்கு உயிர்ப் பிரச்சினையே போகிற நேரத்தில்தான் இருக்கிறது. அது ஏன் என்பதைத்தான் இங்கே அலசப் போகிறோம்.

யார் வெளியூர், யார் உள்ளூர்?

முதலில் ஒரு தவறைத் திருத்த வேண்டும். நிருபர்களான நாங்களும் இந்தத் தவறைச் செய்திருக்கிறோம். ஏரியில் நாலு நாரை நின்றால் போதும், "வெளிநாட்டுப் பறவைகள் இனப்பெருக்கத்துக்காக வருகை" என்று தலைப்பு போட்டு விடுவோம். அது சரியில்லை.

நத்தைக்குத்தி நாரை, மஞ்சள் மூக்கு நாரை, நீர்க்காகம், அரிவாள் மூக்கன், மடையான் எல்லாம் நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கிற ஏரியைத் தேடி ஊர் ஊராகப் போகும். மரத்தில் கூடு கட்டிக் குஞ்சு பொரிப்பவை இவைதான். வேடந்தாங்கலில் கிளை கிளையாக நாம் பார்க்கும் கூடுகளும் பெரும்பாலும் இவற்றின் கூடுகள்தான்.

நிஜமான வெளியூர்க்காரர்கள் வேறு. ஊசிவால் வாத்து, நீலச்சிறகு வாத்து, தட்டைவாயன் வாத்து, பட்டைத்தலை வாத்து, பலவகை உள்ளான்கள், மஞ்சள் வாலாட்டி, தகைவிலான் என்று பட்டியல் நீளமானது. இந்த வாத்துகளும் உள்ளான்களும் இங்கே கூடு கட்டாது. இங்கே வருவது பிழைக்க, தின்ன. குஞ்சு பொரிப்பது சைபீரியா, மங்கோலியா, திபெத், மத்திய ஆசிய நாடுகள் பக்கம். நம் ஆட்கள் துபாய்க்கும் சிங்கப்பூருக்கும் போய் சம்பாதித்துவிட்டு, கல்யாணம் காட்சி என்றால் ஊருக்குத் திரும்பி வருவது மாதிரி. அந்தப் பறவைக்கு நம்ம ஊர்தான் துபாய்.

மார்ச், ஏப்ரலில் கண்ணில் படுவது என்ன?

காவிரிக்கரை வயல்களிலும் ஏரிகளிலும் இந்த இரண்டு மாதம் கவனித்தால் சில மாற்றங்கள் தெரியும்.

வாய்க்கால் கரையில் வாலை ஆட்டிக்கொண்டு திரியும் மஞ்சள் வாலாட்டி, வந்தபோது மங்கலாக இருந்திருக்கும். கிளம்பும் முன்பு புது இறகு முளைத்து, ஆண் பறவைக்கு நெஞ்சும் வயிறும் எலுமிச்சை நிறத்தில் பளபளக்கும். ஊருக்குப் போய் ஜோடி சேர வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் புது உடுப்பு.

கரண்டு கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கும் தகைவிலான்களின் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும். ஒருநாள் பார்த்தால் கம்பி வெறும் கம்பியாக இருக்கும்.

சோளக்குருவி என்றும் சூறைக்குருவி என்றும் சொல்லும் பறவையைப் பலர் பார்த்திருப்பார்கள். தலை கறுப்பு, உடம்பு இளஞ்சிவப்பு. நூற்றுக்கணக்கில் ஒரே வீச்சாகப் பறந்து, வானத்தில் போர்வையை உதறுவது போல வளைந்து திரும்பும். சோளக்காட்டுக்காரர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. ஆனால் மத்திய ஆசியாவில் இதே பறவைக்கு விவசாயிகளிடம் நல்ல பெயர். அங்கே அது வெட்டுக்கிளியைத் தின்று தீர்க்கிறது. ஏப்ரல் வாக்கில் இதுவும் கிளம்பி விடும்.

தோப்புப் பக்கம் இருப்பவர்களுக்கு ஆறுமணிக்குருவி தெரிந்திருக்கும். காலை ஆறு, மாலை ஆறு மணியை ஒட்டிக் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். ஒன்பது நிறம் கொண்ட சின்னப் பறவை. சருகைக் கிளறிப் புழு தின்னும். இது இமயமலையைத் தாண்டிப் போவது இல்லை. மத்திய இந்தியா, இமயமலை அடிவாரம் வரை போய்க் குஞ்சு பொரித்து விட்டு மறுபடி தெற்கே வரும்.

போகிற நேரம்தான் கஷ்டமான நேரம்

லாரி டிரைவர்களைக் கேட்டால் தெரியும். லாங் டிரிப் கிளம்பும் முன் டேங்க்கை நிரப்பாமல் யாரும் வண்டியை எடுக்க மாட்டார்கள். பறவைக்கும் அப்படித்தான். அதற்கு டீசல், உடம்பில் சேரும் கொழுப்பு. கிளம்புவதற்கு முந்தைய சில வாரங்கள் ராப்பகலாகத் தின்று கொழுப்பைச் சேர்க்கும். சில சின்னப் பறவைகள் இந்த நாட்களில் தன் எடையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கிக் கொள்ளும். அந்தக் கொழுப்பை எரித்துத்தான் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறக்கிறது.

பட்டைத்தலை வாத்தை எடுத்துக் கொள்ளுங்கள். தலையில் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும். இமயமலையைத் தாண்டிப் போகிற பறவை. உடம்பில் கருவி பொருத்தி ஆய்வாளர்கள் பார்த்தபோது, 7,000 மீட்டருக்கும் மேலே பறந்தது பதிவாகி இருக்கிறது. மனுஷனுக்கு அங்கே மூச்சே முட்டும்.

இப்படி ஒரு பயணத்துக்கு இங்கேதான் சாப்பாடு கட்டிக் கொள்கிறது. அரை டேங்க்கோடு கிளம்பினால் நடுவழியில் விழ வேண்டியதுதான். தட்டுத் தடுமாறிப் போய்ச் சேர்ந்தாலும் குஞ்சு பொரிக்கத் தெம்பு இருக்காது. மறு வருஷம் நம் ஏரிக்கு வரும் கூட்டம் குறைந்து போகும்.

சிக்கல் என்னவென்றால், அதற்குச் சாப்பாடு அதிகம் தேவைப்படுகிற அதே நேரத்தில்தான் நமக்குத் தண்ணீர் நிற்கிறது. மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ந் தேதி திறந்து, ஜனவரி 28-ந் தேதி மூடப்படும். அதன் பிறகு காவிரியில் வருவது பெரும்பாலும் குடிநீர்த் தேவைக்கான தண்ணீர்தான். மாயனூர் கதவணைக்கு மேலே தேங்கி நிற்கும். கீழே தொட்டியம், முசிறி பக்கம் ஆறு மெலிந்து மணல் தெரியும். வாய்க்கால் காயும். வாய்க்காலை நம்பிய ஏரி, குளம் சுருங்கும்.

தண்ணீர் வற்றுவது எல்லாப் பறவைக்கும் கெடுதல் என்று நினைக்க வேண்டாம். ஓரளவு வற்றினால்தான் சேறு தெரியும். சேறு தெரிந்தால்தான் உள்ளான் அலகை விட்டுப் புழு எடுக்க முடியும். சுத்தமாக வற்றிப் பாளம் பாளமாக வெடித்தால்தான் ஆபத்து. ஆகவே ஏரி முழுக்கத் தண்ணீர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஏரியின் தாழ்வான பகுதியில் முழங்கால் அளவுத் தண்ணீரும், அதைச் சுற்றிக் கொஞ்சம் சேறும் ஏப்ரல் வரை இருந்தால் போதும்.

நம்ம தண்ணீர், கரைவெட்டியின் பெருமை

இதற்கு எடுத்துக்காட்டு தேடி வெகுதூரம் போக வேண்டாம். பழைய ஒருங்கிணைந்த திருச்சி மாவட்டத்தில் இருந்து, இப்போது அரியலூர் மாவட்டத்தில் இருக்கும் கரைவெட்டி ஏரியே போதும். சுமார் 454 ஹெக்டேர் பரப்பு. 1999-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024 ஜனவரி கடைசியில் ராம்சார் பட்டியலில் இடம் பிடித்தது. உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளுக்குக் கொடுக்கும் அங்கீகாரம் அது.

கரைவெட்டிக்குத் தண்ணீர் எங்கிருந்து போகிறது? மேட்டூரில் திறந்த தண்ணீர் நம் தொட்டியம், முசிறி வழியாக முக்கொம்புப் பக்கம் போய், அங்கே பிரியும் புள்ளம்பாடி வாய்க்கால் வழியாகத்தான் போகிறது. நம் ஊரைக் கடந்து போகும் தண்ணீர்தான் அங்கே உலகப் பெயர் வாங்கிக் கொடுத்திருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கரைவெட்டிக்கு அந்தப் பெயர் தண்ணீரால் மட்டும் கிடைக்கவில்லை. அங்கே சுமார் 198 வகைப் பறவைகள் பதிவாகி இருக்கின்றன என்ற கணக்கு கையில் இருந்தது. கணக்கு இருந்ததால் கவனிப்பு வந்தது.

நம் பக்கத்துக் கிராமத்து ஏரி, குளங்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கிறதா? வனத்துறை ஆண்டுதோறும் மாநிலம் முழுக்கக் கணக்கெடுப்பு நடத்துகிறது. நீர்ப்பறவைகளுக்கு ஒரு கட்டம், தரைப்பறவைகளுக்கு ஒரு கட்டம். ஆனால் அது ஓரிரு நாள் வேலை, தேர்ந்தெடுத்த இடங்களில் மட்டும் நடப்பது. ஊர் ஓரத்துக் குட்டைக்கு எல்லாம் ஆள் வர முடியாது. நாளைக்கு ஒரு குளத்தை யாராவது மேடாக்கினால், அங்கே பறவை வந்தது என்று சொல்ல நம் கையில் ஒரு துண்டுச் சீட்டு கூட இருக்காது.

குருணை மருந்தில் கவனம்!

தொட்டியம் என்றால் வாழை. பூவன், நேந்திரன், ரஸ்தாளி என்று லாரி லாரியாகப் போகிறது. வாழைக்கு நூற்புழு, கிழங்கு வண்டு தொல்லை அதிகம். அதற்குக் குருணை மருந்து போடுவது வழக்கம். கார்போபியூரான் வகைக் குருணை, பார்க்க மணல் மாதிரி, விதை மாதிரி இருக்கும். பறவை அதைத் தீனி என்று கொத்தினால் அங்கேயே சாய்ந்து விடும். இதனால் பறவைகள் சாகிறது என்பதற்காகவே அமெரிக்காவில் இந்தக் குருணையை 1990-களில் படிப்படியாக நிறுத்தினார்கள்.

விவசாயியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. வட்டிக்கு வாங்கிப் பயிர் வைத்தவனுக்குப் புழுவைக் கொல்லாமல் முடியாது. ஆனால் குருணையை மேலாகத் தூவி விட்டுப் போகாமல், குழியில் போட்டு மண்ணை மூடினால் பாதி ஆபத்து போய் விடும். கைக்காசு கூடுதலாகச் செலவாகாது. மருந்து எது, அளவு எவ்வளவு என்பதை வேளாண்மை, தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுப் போடுவது நல்லது. புழுவைத் தின்னும் பறவை உயிரோடு இருந்தால் நமக்கும் மருந்துச் செலவு மிச்சம்.

கறிக்காகக் கண்ணி வைத்தால் ஜெயில்

தமிழ்நாட்டில் பல ஊர்களில் கொக்கு, மடையான், உள்ளான் பிடித்து விற்பவர்கள் சிக்கிய செய்தி அடிக்கடி வருகிறது. நாட்டு மருந்து, தனி ருசி என்று சொல்லி விற்கிறார்கள். தண்ணீர் சுருங்கிப் பறவை எல்லாம் ஒரே இடத்தில் குவியும் கோடைக்காலம் கண்ணி வைப்பவர்களுக்கு வசதியாகப் போய் விடுகிறது.

1972-ம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி இது குற்றம். 2022-ல் கொண்டு வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முதல் அட்டவணையில் உள்ள பறவை என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை உள்ளே இருக்க வேண்டும், குறைந்தது 25 ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டும். பிடிப்பது மட்டும் இல்லை, விற்பதும் வைத்திருப்பதும் குற்றம்தான். தின்ன ஆசைப்பட்டு வாங்கி வந்து, கோர்ட்டுக்கு அலைய வேண்டாம்.

நாகாலாந்து மாறியது போல...

மனசு வைத்தால் மாறலாம் என்பதற்கு நாகாலாந்து சாட்சி. சைபீரியா, வடசீனா பக்கம் இருந்து ஆப்பிரிக்காவின் தென்கோடி வரை போகும் அமுர் வல்லூறு என்ற சின்னப் பருந்து, வழியில் நாகாலாந்தின் டோயாங் அணைப் பகுதியில் இறங்கி இளைப்பாறும். 2012-ல் அங்கே வலை கட்டி லட்சத்துக்கு மேல் பிடித்துக் கொன்றார்கள் என்ற செய்தி உலகம் முழுக்கப் பரவியது. மறு வருஷமே பாங்டி கிராம மக்கள் உட்கார்ந்து பேசி வேட்டையை நிறுத்தினார்கள். இப்போது அதே பறவையைப் பார்க்க வெளியூர் ஆட்கள் அங்கே வருகிறார்கள்.

நம் தமிழ்நாட்டில் இதற்கு முன்னோடிகள் உண்டு. சிவகங்கை மாவட்டம் கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், வேட்டங்குடி சரணாலயத்துப் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிப்பது இல்லை. வேடந்தாங்கல் மக்கள், பறவையைச் சுடக்கூடாது என்று 1700-களின் கடைசியிலேயே வெள்ளைக்காரக் கலெக்டரிடம் உத்தரவு வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பாசம் ஒரு பக்கம், லாபம் ஒரு பக்கம்.

பறவைக் காய்ச்சல் பயம் தேவையா?

பக்கத்து மாவட்டம் நாமக்கல். கோழிப்பண்ணையை நம்பி எத்தனையோ குடும்பங்கள் பிழைக்கின்றன. அதனால் வலசைப் பறவை என்றதும் பறவைக் காய்ச்சல் பயம் வருவது நியாயம்தான். 2020 டிசம்பர் கடைசி, 2021 ஜனவரி சமயத்தில் இமாசலப் பிரதேசத்தின் போங் அணை ஏரியில் பட்டைத்தலை வாத்துகள் ஆயிரக்கணக்கில் செத்து விழுந்தன. அதே நேரம் கேரளாவில் ஆலப்புழா, கோட்டயம் பக்கம் வளர்ப்பு வாத்துகளுக்கும் நோய் வந்தது.

அதற்காக ஏரியில் நிற்கும் பறவையைக் கல்லால் அடித்து விரட்டுவது மருந்து ஆகாது. விரட்டினால் அது இன்னும் பல ஊருக்குப் பரவும், அவ்வளவுதான். பண்ணைக்குள் காட்டுப்பறவை வராமல் வலை அடிப்பதும், ஏரித் தண்ணீரைக் கோழிக்கு நேரடியாகக் கொடுக்காமல் இருப்பதும்தான் சரியான வழி. ஏரியில் பறவைகள் கூட்டமாகச் செத்துக் கிடந்தால் கையால் தொடக் கூடாது. கால்நடைத் துறைக்கும் வனத்துறைக்கும் உடனே சொல்ல வேண்டும். நன்றாக வேக வைத்த கோழிக்கறி, முட்டை சாப்பிடுவதில் பயம் இல்லை.

நாம் என்ன செய்யலாம்?

திருச்சி கம்பரசம்பேட்டையில் காவிரிக்கரையோரம் அமைத்த பறவைப் பூங்கா 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டது. குடும்பத்தோடு போய்ப் பார்க்கிறார்கள், சந்தோஷம். அங்கே வலைக்குள் பறவை இருக்கிறது, டிக்கெட் எடுத்துப் பார்க்கிறோம். நம் ஏரியில் டிக்கெட் இல்லாமலே வந்து நிற்கும் பறவைக்கு நாம் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம்தான்.

கோடையில் ஏரி மீன் பிடிக்கும்போது, மோட்டார் வைத்துக் கடைசிச் சொட்டு வரை இறைக்காமல், தாழ்வான பள்ளத்தில் கொஞ்சம் தண்ணீர் விட்டு வைக்கலாம். குத்தகை எடுத்தவருக்கும் நஷ்டம் வராதபடி, ஊராட்சியும் நீர்வளத் துறையும் குத்தகை நிபந்தனையிலேயே இதைச் சேர்த்தால் சண்டை இல்லை. ஆடு மாடுக்கும் கோடையில் அந்தத் தண்ணீர் உதவும்.

ஆற்று மணலிலும் தரிசிலும் ஆள்காட்டிக் குருவி முட்டை இடுவது இந்த மாதங்களில்தான். மண்ணோடு மண்ணாக முட்டை கிடக்கும். தலைக்கு மேலே வந்து கத்தினால், காலடியைப் பார்த்து நடக்க வேண்டும்.

பிள்ளைகள் கையில் செல்போன் இருக்கிறது. இபேர்டு என்ற ஆப் இலவசம். பார்த்த பறவை, எண்ணிக்கை, இடம், தேதி போட்டால் உலகக் கணக்கில் சேர்ந்து விடும். 2015 முதல் பொங்கல் சமயத்தில் தமிழ்நாடு முழுக்க ஆர்வலர்கள் நடத்தும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பும் இந்த வழியில்தான் நடக்கிறது. ஆப் வேண்டாம் என்றால் நாற்பது பக்க நோட்டு போதும். முதல் தகைவிலான் எந்தத் தேதியில் வந்தது, கடைசிப் பறவை எந்தத் தேதியில் போனது என்று அஞ்சு வருஷம் எழுதி வைத்தால், அந்தக் குளத்துக்கு அதுவே பட்டா மாதிரி.

காலில் வளையம் மாட்டிய பறவை கிடைத்தால் அதில் உள்ள எண்ணைக் குறித்து வனத்துறையிடம் சொல்லலாம். எந்த நாட்டில் மாட்டியது என்பது தெரிய வரும்.

மத்திய ஆசிய வலசைப் பாதையில் 30 நாடுகள் இருக்கின்றன. பாஸ்போர்ட், விசா இல்லாமல் அத்தனை எல்லையையும் தாண்டி வரும் பறவை, நம்ம ஊர் வாய்க்கால் கரையில் நாலு மாசம் தங்கிப் போகிறது. வந்த விருந்தாளியைச் சாப்பாடு போடாமல் அனுப்பும் பழக்கம் நம்ம பக்கத்தில் கிடையாது. ஐப்பசியில் அது திரும்பி வருமா என்பது, பங்குனியில் நாம் ஏரியில் என்ன விட்டு வைக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது. ஊராட்சிகளும் அதிகாரிகளும் இந்தக் கோடையிலேயே இதைக் கவனிப்பார்களா என்பதுதான் பறவை ஆர்வலர்களின் எதிர்பார்ப்பு.